தகவல் துளி: மலாயா கணபதி

தொழிலாளர் தினம் கழிந்த மூன்றாம் நாள் மே 4. 1949இல் அதே நாளில்தான் மலாயா கணபதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்தவர் எஸ்.ஏ. கணபதி. சிறுவயதிலேயே கடல் கடந்து வந்தார், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், தமிழரும் சீனரும் ஒன்றாகச் சேர்ந்திருந்த அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரானார். பால்மரத் தோட்டங்களில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் மூண்ட காலம் அது. நம் ஜோகூரில், சிகாமட் தோட்டமொன்றில் 1948 ஜூன் மாதம் போலீஸ் நடவடிக்கையில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே மாதம் சம்மேளனத்தின் பதிவு மறுக்கப்பட்டது. சில நாள்களில் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது.

1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். குற்றச்சாட்டு, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தது. யாரையும் சுட்டதாக அல்ல, வைத்திருந்ததாக மட்டுமே! அவசரகாலச் சட்டத்தில் அதற்கே மரண தண்டனை. நேரு அரசு கருணை கோரியது, பலிக்கவில்லை.

தூக்குக்கு முந்தைய நாள், மே 3இல், அவருடைய தோழரான சிங்கப்பூர் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணபதியைப் பற்றிப் பேசுவோர்கூட இவரைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். கணபதி தூக்கிலிடப்பட்ட புடு சிறையை இடித்தாகிவிட்டது. அங்கே இப்போது வணிக வளாகம் நிற்கிறது.