கறுப்புக் கத்தியும் சிவப்புத் துருவும்

நமது சமையலறைச் சாமான்களுக்குள் கத்தியைப் போல் அநியாயமாகத் தண்டனை அடைவது வேறொன்றும் இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் ஈயப்பூச்சுத் தேய்ந்துவிட்டால், ஈயம் பூசுகிறவரின் குரல் தெருக்கோடியில் எப்போது கேட்கும் என்று காத்திருந்த குடும்பங்கள் ஒரு காலத்தில் எத்தனையோ உண்டு. கத்தி விஷயத்தில் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேற்பூச்சுச் சற்று உரிந்துவிட்டால், ஒன்று அதைப் பழைய இரும்போடு எடை போட்டுவிடுகிறோம். அல்லது, கைக்குக் கிடைத்த செங்கல் தூளையும் திராவகத்தையும் கொண்டு அதன் தோலையே உரித்துவிடுகிறோம். உரிக்க வேண்டிய பூச்சும் உண்டு, உயிர் போனாலும் தொடக்கூடாத பூச்சும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது பெரிய வித்தையுமல்ல.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் கத்திக்கு ஓய்வென்பதே இல்லை. கோடையில் பண்ருட்டிப் பலாப்பழம் வந்து இறங்குகிறது. அதன் பால் கத்தியில் ஒட்டிக்கொண்டால் சோப்புக்கும் மசியாது, வெந்நீருக்கும் மசியாது; வெட்டுவதற்கு முன்பே எண்ணெய் தடவிக்கொள்ளத் தெரிந்தவர்களே பிழைத்தார்கள். பிறகு மாங்காய், அப்புறம் வாழைப்பூ, வாழைக்காய், எலுமிச்சை. இத்தனை புளிப்பும் துவர்ப்பும் போதாதென்று, கடலூர்க் கடற்காற்றும் உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. இரும்புக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறென்ன வேண்டும்?

முதலில், கொல்லுப் பட்டறையிலிருந்து வரும் சாதாரணக் கத்தியையோ அரிவாள்மணையையோ எடுத்துக்கொள்வோம். அதன் முதுகும் பக்கங்களும் கறுத்திருக்கும். வாய் மட்டும் சாணை பிடித்துப் பளபளவென்றிருக்கும். பட்டணத்தில் பளிங்கு போன்ற கத்திகளைப் பார்த்துப் பழகிய புது மருமகள், அந்தக் கறுப்பை அழுக்கென்று எண்ணி, இரும்பு நாரைக் கொண்டு ஒரு வாரம் விடாமல் தேய்க்கிறாள். "கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தேய்க்காதேயம்மா" என்கிறார் மாமியார். ரசாயன சாஸ்திரத்தை நீதிபதியாக வைத்தால், இந்த வழக்கில் மாமியார் கட்சிக்கே ஜயம்.

காரணம் இதுதான். இரும்பு பிராணவாயுவோடு சேர்ந்து ஒரே விதமான பொருளாக மாறுவதில்லை. உலையில் பழுக்கக் காய்ந்தபோது உண்டாகும் கறுப்பு ஆக்ஸைடு அடர்த்தியானது. இரும்போடு இறுகப் பற்றிக்கொண்டு, ஈரம் உள்ளே போகாமல் பெரும்பாலும் தடுக்கிறது. ஈரத்தில் உண்டாகும் சிவப்புத் துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பி, பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்பட, அதையும் தின்னத் தொடங்குகிறது. கறுப்பைத் தேய்த்து அகற்றினால் சிவப்புக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

துரு பிடித்த கத்தி கீறினால் வில்வாத ஜன்னி வரும் என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. அந்த நோயின் கிருமி வாழ்வது மண்ணிலும் சாணத்திலுமே; துருவில் பிறப்பதல்ல. தோட்டத்து மண்ணில் கிடந்த கத்தி பளபளப்பாயிருந்தாலும் அபாயந்தான். ஊசி போட்டுக்கொள்வதைத் துருவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

வாழைப்பூ நறுக்கினால் விரலும் கத்தியும் கறுக்கின்றன அல்லவா? விரலின் கறை வேறு கதை. கத்தியின் கறுப்புக்குக் காரணம், பூவின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதுதான். கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ளது இதே இனத்துச் சத்து. கடுக்காயோடு அன்னபேதியைச் சேர்த்துத்தான் நமது முன்னோர் எழுதும் மை காய்ச்சினார்கள். துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியவர்களுக்கும் கடுக்காயும் இரும்பும் உற்ற துணை. பள்ளிக்கூடத்தில் நான் கடுக்காய்க் கஷாயத்தில் நாலு துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைப்பதுண்டு. மறுநாள் பையன்கள் அதைத் தொட்டு எழுதிப் பார்த்துவிட்டு, கடையில் மை எதற்கு வாங்குகிறோம் என்று கேட்பார்கள். கைக்கடக்கமான ஒரு கேள்விக்காவது ரசாயனப் பாடம் உபயோகப்படுகிறதே என்று எனக்குத் திருப்தி.

டில்லியிலுள்ள இரும்புத் தூணைப் பற்றி அறியாதவர்கள் இரார். சுமார் 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது துருவுக்கு இரையாகவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் அதன்மேல் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்று உண்டாகித் தூணைக் காத்து வருகிறது என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். பின்புறமாகக் கைகளைச் சேர்த்துத் தூணைக் கட்டிப் பிடித்தால் அதிர்ஷ்டம் வரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அப்படி வந்தவர்களின் கைபட்டுக் கைபட்டு அடிப்பாகம் தேய்ந்து மெருகேறிவிட்டது. 1997-ஆம் ஆண்டில் சுற்றிலும் வேலி போட்டார்கள். அதிர்ஷ்டம் யாருக்கு வந்ததோ தெரியாது, தூணுக்கு அன்றுதான் வந்தது.

முலாம் போட்ட கத்தியின் விஷயம் வேறு. நிக்கல் முலாம் முழுதாக இருக்கும் வரையில் அது நல்ல காவலாளி. எங்காவது ஓரிடத்தில் கீறல் விழுந்துவிட்டால் அதே காவலாளி திருடனோடு சேர்ந்துவிடுகிறான். ஈரத்தில் நிக்கலும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது சிறு மின்சாரம் உண்டாகிறது. அதில் கரைந்து போவது இரும்பே. பரந்த முலாமுக்கு நடுவே ஊசிமுனையளவு இரும்பு தெரிந்தால், அரிப்பு முழுவதும் அந்த முனையில் குவிந்து குழி தோண்டுகிறது. ஆகவே, பாதி உரிந்த முலாம் அறவே இல்லாத முலாமைவிடக் கெட்டது. பொருக்காக எழும்பிய சில்லுகள் காய்கறியோடு கலந்து இலைக்கு வரவும் கூடும். இதனை முழுதும் அகற்றிவிட வேண்டியதுதான். ஆனால் குளியலறை கழுவும் திராவகத்தில் ஊறப்போடுவது கூடாது. அதன் புகை நெஞ்சுக்கு ஆகாது. கரையும் உலோகம் சாக்கடைக்கும் ஆகாது. கடினமாக்கப்பட்ட எஃகு அத்தகைய திராவகத்தில் ஊறினால் உள்ளே ஜலவாயு புகுந்து, கண்ணாடி போல் முறியும் குணத்தைப் பெற்றுவிடவும் கூடும். சாணை பிடிப்பவரிடம் கொடுத்து உரித்துவிடுவது மேல்.

இவ்வளவு தொல்லைக்கும் முற்றுப்புள்ளி வைத்தவர் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி. 1913-ஆம் ஆண்டில், துப்பாக்கிக் குழாய்களுக்குத் தேய்மானமில்லாத எஃகு தேடியபோது, சுமார் 13 சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகை அவர் உருக்கினார். அது எலுமிச்சைச் சாற்றுக்கும் காடிக்கும் மசியவில்லை. நாம் 'எவர்சில்வர்' என்று அழைக்கும் உலோகமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கும் பூச்சு உண்டு. கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்ஸைடுப் படலம். கீறினால் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு தன்னைத்தானே மூடிக்கொள்ளும். கொல்லனும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம். இவ்வகைக் கத்தியை இரும்பு நாரால் தேய்க்காமலிருந்தால் போதும். நாரின் துணுக்குகள் அதன்மேல் ஒட்டித் துருப்பிடித்து, குற்றமற்ற கத்திக்குக் கெட்ட பெயரை வாங்கித் தரும்.

நமது ஊருக்குத் தூரமில்லாத நெய்வேலியில், இதே சங்கடத்தை யானை அளவில் பார்க்கலாம். 1957-இல் அங்கே சுரங்க வேலை தொடங்கியது. பழுப்பு நிலக்கரியின் மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை, சாணைக்கல்லுக்கு அண்ணன். அதை வெட்டும் ராட்சதச் சக்கரங்களின் பற்கள் சீக்கிரம் தேய்ந்து போவது பெரும் பிரச்னையாயிற்று. பல்லின் மேல் அதைவிடக் கடினமான உலோகக் கலவையைப் பற்றவைத்துக் கவசம் போடுவதும், அது தேய்ந்தால் மறுபடி போடுவதுமே அத்தகைய யந்திரங்களுக்கு வைத்தியம்.

இக்காலத்தில் கடைகளை நிறைத்திருப்பவை சிவப்பும் பச்சையுமான வர்ணக் கத்திகள். இவற்றில் பல, ஒட்டாத தோசைக்கல்லில் உள்ள அதே விதமான பூச்சு உடையவை. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருளைச் சேர்ந்தவை. பூச்சு உரியத் தொடங்கியதும், "அடுப்பில் காட்டினால் எரிந்து போகும்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். இதைக் கேட்கவே வேண்டாம். அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சிதையத் தொடங்கும். இன்னும் காய்ந்தால் எழும் புகை மனிதருக்குக் குளிர் ஜுரம் போன்ற உபாதையைத் தரும். கூண்டுக்கிளி அந்த அறையிலிருந்தால் இறந்தே போகும். கத்திக்கும் கேடு உண்டு. எஃகு சூடேற ஏற அதன்மேல் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, சுமார் 300 டிகிரியில் நீலம் என்று வர்ணங்கள் ஓடும். கொல்லர் தோய்ச்சலின் பதம் பார்ப்பது இந்த வர்ணங்களைக் கொண்டுதான். வாய் நீலமாகிவிட்டால் கத்தியின் கடினம் இறங்கிவிட்டது. பிறகு எத்தனை சாணை பிடித்தாலும் தக்காளித் தோலில் வழுக்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஈரம் உலராமல், தூசி பறக்காமல், வாயிலிருந்து விலகிய திசையில் மெள்ளத் தேய்த்து இப்பூச்சை எடுக்க வேண்டும். அடியில் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகே இருக்கும். உரிய உரிய நல்ல கத்தியாகிவிடும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையில் 1930-ஆம் ஆண்டு முதல் ஒரு ரசாயனச் சாலை நடந்து வருகிறது. அதைத் தொடங்கி நடத்தியவர் எஸ். பரமசிவன். களிம்பேறிய வெண்கல விக்கிரகங்களை மின்சாரத்தால் துலக்கிக் காப்பாற்றுவது அதன் ஆரம்ப காலப் பணிகளில் ஒன்று. பழம்பொருள்களைக் காக்கும் நிபுணர்கள் துருவேறிய இரும்புக்கு உலகெங்கும் கையாளும் முறைகளில் ஒன்று, துவர்ப்பு அமிலத்தைப் பூசி, துருவையே கறுப்புப் படலமாக மாற்றிவிடுவது. நமது கடுக்காய்க் கஷாயந்தான் அது. புட்டியில் அடைத்து வேறு பெயர் எழுதியிருக்கிறது.

இனி, வீட்டிலுள்ள பழைய இரும்புக் கத்திக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லி விடுகிறேன். கெட்டியான புளிக் கரைசலில் அலகை மட்டும் அமிழ்த்துங்கள். பிடி மரமாயிருந்தால் நனையக் கூடாது. அரை மணிக்கு ஒரு தரம் எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துப் பாருங்கள். சிவப்புப் போனதும் நிறுத்திவிட வேண்டும். புளி, துரு தீர்ந்த பிறகு இரும்பையும் தின்னும். ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காய வையுங்கள். நாலைந்து கடுக்காயை நசுக்கி அரை லிட்டர் ஜலத்தில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, துணியால் அலகின்மேல் இரண்டு மூன்று தரம் பூசி, ராத்திரி முழுவதும் விட்டுவிடுங்கள். கடுக்காய் கிடைக்காவிட்டால் கடுந்தேயிலைக் கஷாயம் போதும். காலையில் கத்தி நீலங்கலந்த கறுப்பாயிருக்கும். கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி, வாயை மட்டும் சாணையில் காட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் வெங்காயத்தில் சற்றுக் கறை ஏறும், வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருங்கள்.