நடுங்கும் கண்ணாடி

நேயர்களே, மோட்டார் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். கண்ணாடி ஆடுகிறது என்று தெரிந்தும் மூன்று மாத காலம் வாளாவிருந்தவன் நான்.

பணி ஓய்வுக்குப்பின் ஒரு பழைய வேனை வாங்கி, அதனுள் இரண்டு படுக்கைகளும் ஒரு சிறு அடுப்பும் அமைத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் ஊர் ஊராகச் சென்று வருகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே அவ்வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி நடுங்கும். பின்னால் வரும் லாரி வெறும் நிறமாகத் தெரியும். சைக்கிளோ தெரிந்தும் தெரியாமலும் போகும். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை, தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில், இடப்புறம் திரும்ப வேண்டியிருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை என்று எண்ணித் திருப்பினேன். “நிறுத்துங்கள், நிறுத்துங்கள்!” என்று என் மனைவி அலறினாள். வண்டி நின்றபோது, புத்தகப் பையுடன் ஒரு சிறுவன், தன் சைக்கிளைப் பற்றியபடி, கதவுக்கு ஒரு சாண் தொலைவில் நின்றிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவ்வயதுப் பிள்ளைகளோடு என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கண்ணாடியே இல்லையென்றால் நாம் தலையைத் திருப்பிப் பார்ப்போம். நடுங்கும் கண்ணாடியோ, பார்க்காததைப் பார்த்துவிட்டதாக நம்மை எண்ண வைக்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இக்குறை மிகப் பழமையானது. 1911-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் முதலாவது 500 மைல் பந்தயம் நடைபெற்றது. மற்ற வண்டிகளில், பின்னால் வருவோரைக் கவனித்துச் சொல்ல ஒரு மெக்கானிக் உடன் அமர்ந்திருந்தார். ரே ஹாரௌன் என்பவர் மட்டும் தன்னந்தனியாக, முன்னே ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டி வெற்றியும் பெற்றார். ஆனால், செங்கல் பாவிய அத்தடத்தில் கண்ணாடி ஓயாது குலுங்கியதால் அதில் எதையும் சரியாகக் காண முடியவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

சிறு ஆட்டம் இவ்வளவு கெடுதல் செய்வதேன்? பள்ளியில் கற்ற ஒளியியலே விடை சொல்கிறது. தட்டைக் கண்ணாடி ஒரு பாகை திரும்பினால், அதில் பட்டு மீளும் கதிர் இரண்டு பாகை திரும்பும். எனவே, கண்ணாடி ஒரு பாகை அசைந்தால், 50 மீட்டருக்கு அப்பால் நாம் நோக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் விலகிவிடும். ஒரு சைக்கிளும் அதை ஓட்டுபவனும் மறைந்துபோக அது போதாதா?

மறுநாள் காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிந்த நட்டுகளை எல்லாம் முறுக்கத் தொடங்கினேன். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் அதைக் கண்டு, “ஐயா, முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள், பிறகு முறுக்கலாம்” என்றார். பாடம் வராத பிள்ளையை அதட்டுமுன் எங்கே தடுமாறுகிறான் என்று பார் என ஆசிரியர்களுக்கு நான் சொல்லி வந்ததும் இதுவேயன்றோ?

ஆட்டம் பிறக்கும் இடங்கள் மூன்று. கதவில் கம்பி பொருந்தும் அடி. கம்பியும் கண்ணாடிக் கூடும் சேரும் மூட்டு. கூட்டுக்குள் கண்ணாடி உட்காரும் இடம். ஒரு கையால் கூட்டை மெல்ல அசைத்து, மறு கையின் விரலை ஒவ்வோர் இணைப்பின் மீதும் வைத்துப் பார்த்தால், எது நகர்கிறது என்பதை விரலே சொல்லிவிடும்.

அடியில் ஆட்டமென்றால், முறுக்குவது மட்டும் பயன் தராது. கதவுத் தகடு மெல்லியது. துருப்பிடித்துத் துளை அகன்றிருக்கும். மேலும் முறுக்கினால் தகடு உள்வாங்கும், அல்லது மரை தேயும். கதவின் உட்புறம் ஓர் இரும்புப் பட்டையோ அகன்ற வாஷரோ வைத்து, விறைத்துப்போன பழைய ரப்பரை நீக்கிப் புதியது இட்டு, பிறகு போல்ட்டைப் பூட்ட வேண்டும். பூட்டிய நட்டு ஏன் தானே கழல்கிறது என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியியலாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் சோதனைகளால் விளக்கினார். இணைந்த பகுதிகள் பக்கவாட்டில் வழுக்கும்போது மரையின் பிடிப்பு தளர்ந்து நட்டு சுழன்றுவிடுகிறது. ஆகவே, உள்ளே நைலான் வளையம் கொண்ட நட்டைப் போடுவது நன்று.

மூட்டில் ஆட்டமென்றால், அதைக் கவ்வும் பட்டையின் இரு காதுகளும் ஏற்கெனவே ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு மெல்லிய துண்டை வெட்டிச் சுற்றி, மீண்டும் பூட்டலாம். என் வண்டியின் நோய் இதுவே. மூட்டு காற்றுக்கு அசையக் கூடாது. ஆனால் கையால் தள்ளினால் மடங்க வேண்டும். தெருவில் ஒருவர் மீது இடித்துவிட்டால் அவருக்கு அதுவே காப்பு.

கண்ணாடியே கூட்டுக்குள் ஆடினால், அழுக்கையும் ஈரத்தையும் போக்கி, சிலிக்கான் பசை தடவி, ஒரு நாள் உலர விட வேண்டும். மூன்றும் உறுதியாக இருந்தும் வண்டி நிற்கும்போது நடுக்கம் இருந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பரைச் சோதிக்கச் சொல்லுங்கள். வேகத்தில் மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் காற்றின் வேலை. வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். நீண்ட கம்பிக்கு இன்னொரு தாங்கு கம்பி தேவைப்படலாம்.

எனக்கு ஆன செலவு ஒரு டியூப் துண்டும் அரை மணி நேரமுமே. அதைச் செய்ய மூன்று மாதம் கடத்தினேன். அதற்குரிய விலையை யாரோ பெற்ற பிள்ளை கொடுத்திருப்பான்.

இப்போது கண்ணாடி அசைவதில்லை. ஆயினும், அது காட்டாத மூலை ஒன்று எவ்வண்டிக்கும் உண்டு; ஆதலால் இடப்புறம் திரும்பும்போது தலையையும் திருப்பிப் பார்க்கிறேன். நேயர்களே, நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன், உங்கள் கண்ணாடியின் மீது ஒரு விரலை வைத்துப் பாருங்கள்.