அட்ரோபின் சொட்டும் விழித்திரையும்

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக அளவுமீறி நீள்வதால் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே கண்ணாடியின் பவர் இரண்டு முதல் மூன்று டயாப்டர் வரை ஏறும். அந்த நீட்சியின் வேகத்தைத் தணிக்கும் சொட்டு மருந்து அட்ரோபின். ஊமத்தையில் உள்ள நஞ்சுகளுள் ஒன்று. சிங்கப்பூரில் 400 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியாகி இதன் பலனை நிறுவியது. ஆனால் அங்கே தரப்பட்ட 1% மருந்தில் கண்ணின் பாவை விரிந்து வெயில் கூசியது. பக்கத்து எழுத்து மங்கியது. அதனால் 0.01% வரை நீர்த்த சொட்டுகள் சோதிக்கப்பட்டு, 2012இல் அந்த முடிவும் வந்தது.

கிட்டத்தில் பார்க்கக் கண்ணைக் குவிக்கும் தசையை அட்ரோபின் தளர்த்தும்; பலன் அதனால்தான் என்று முன்பு நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கோழிக்குஞ்சு உடைத்தது. குஞ்சின் குவிப்புத் தசை வேறு வகையானது, அட்ரோபினுக்குத் தளராது. ஆயினும் அதன் கண் நீள்வதை மருந்து தடுத்தது. இதைவிட வியப்பானது, பார்வை நரம்பைத் துண்டித்த பின்னும் குஞ்சின் கண் பிம்பத்தின் தெளிவுக்கேற்ப வளர்ந்தது. அப்படியானால், எவ்வளவு வளர்வது என்பதை மூளையைக் கேளாமல் விழித்திரையே பெருமளவு தீர்மானிக்கிறது.

விழித்திரையின் நடு அடுக்கில் அமாக்ரைன் எனும் நரம்பணுக்கள் உள்ளன. சில அசிட்டைல்கோலினையும் சில டோபமைனையும் சுரக்கின்றன. அட்ரோபின், அசிட்டைல்கோலின் வந்து பற்றும் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கிறது. குஞ்சுகளின் விழித்திரையில் அது டோபமைன் சுரப்பைக் கூட்டியது. டோபமைன், கண் நீள்வதற்குத் தடைபோடும் சமிக்ஞை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை: அசிட்டைல்கோலின் சுரக்கும் அமாக்ரைன் அணுக்களைப் பெரும்பாலும் அழித்த குஞ்சுகளிலும் மருந்து பலித்தது. ஆகவே வேறு ஏற்பிகளுக்கும், நைட்ரிக் ஆக்சைடுக்கும், விழிவெண்படலத்துக்கும் பங்கு உண்டா என்ற ஆராய்ச்சி தொடர்கிறது.

வெளிச்சமும் டோபமைனைக் கூட்டும். பிள்ளைகளை வெளியே விளையாட விடச் சொல்வதற்கு இதுவே வலுவான அறிவியல் காரணம். மருந்தைவிட எளிய வழியும்கூட.

மருந்தின் அளவு முக்கியம். 2019இல் வெளியான ஹாங்காங் ஆய்வில் 0.01, 0.025, 0.05 சதவீதச் சொட்டுகளுள் 0.05 மிகுந்த பலன் தந்தது. அடர்த்தியான மருந்தை நிறுத்தினால் கிட்டப்பார்வை மீண்டும் வேகமாகக் கூடுவதைச் சிங்கப்பூர் ஆய்வு காட்டியது. எனவே கண் மருத்துவரைக் கேளாமல் பெற்றோர் இச்சொட்டைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.