பந்தும் பெட்டியும் – 9: எட்டுக் கட்ட மைதானம்

பீதுருதலாகலைத் தொலைக்காட்சிக் கோபுரத்தையும், லயத்துக்கு லயம் தோளில் போன டீவி பெட்டரிகளையும் போன வாரம் பார்த்தாயிற்று. புதிதாக வந்து சேருகிறவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கட்டார் உலகக் கிண்ணப் பந்துக்குள் வைத்த உணரியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் பழைய ஒலிபரப்பு வரலாறுகளைப் புரட்டப் போனவன் 1927 ஜனவரியிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதிதான் பி.பி.சி. கூட்டுத்தாபனமாக மாறியது. அதற்கு முன் கம்பனியாக இருந்தபோது விளையாட்டை நேரடியாக வர்ணிக்க அதற்கு அனுமதியில்லை. வானொலியில் எல்லாம் கேட்டுவிட்டால் பேப்பர் யார் வாங்குவார் என்று பத்திரிகை முதலாளிகள் முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள். கட்டை விலகியதும் பி.பி.சி. ஒரு நாளையும் வீணாக்கவில்லை. 15ஆம் திகதி டுவிக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி. 22ஆம் திகதி லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனலுக்கும் ஷெஃபீல்ட் யுனைட்டடுக்கும் உதைபந்தாட்டம். ஆளுக்கொரு கோல், வெற்றி தோல்வியில்லை. பிரித்தானியாவில் வானொலி வழியே நேரடியாகக் கேட்ட முதல் உதைபந்தாட்டம் அது. இரண்டையும் வர்ணித்தவர் டெடி வேக்லம் என்ற பழைய ரக்பி ஆட்டக்காரர்.

பார்க்காதவனுக்கு மைதானத்தை எப்படிக் காட்டுவது? அந்த நாட்டில் அதுவரை யாரும் செய்து பழகாத வேலை. இரண்டு ஏற்பாடு செய்தார்கள். முதலாவது, பி.பி.சி.யின் வாராந்த இதழான ரேடியோ டைம்ஸில் மைதானத்தின் படத்தைப் போட்டு, அதை எட்டுக் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்தார்கள். கேட்கிறவர் அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்வார். வேக்லம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இன்னொரு குரல் இலக்கத்தை மட்டும் சொல்லும். ஹைபரியில் அந்தக் குரல் சி.ஏ. லூயிஸ் என்பவருடையது. "ஐந்து" என்றால் பந்து ஐந்தாம் கட்டத்தில். வீட்டில் இருப்பவரின் விரல் படத்தில் நகரும்.

இரண்டாவது ஏற்பாடு என்னை இரவு தூங்கவிடவில்லை. முதல் ரக்பி வர்ணனையின்போது, வேக்லமின் கண்ணெதிரே பார்வையற்ற ஒருவரை உட்கார வைத்தார்கள். நாட்டுக்குப் பேசாதே, இந்த மனிதருக்கு விளங்கும்படி பேசு என்று சொல்லிவிட்டார்கள். பிரித்தானியாவில் விளையாட்டு ஒலிபரப்பு என்ற பெருந்தொழில் அந்த ஓர் ஆளை நினைத்துத்தான் தொடங்கியிருக்கிறது. இன்று ஒளிபரப்பு உரிமைக்குக் கொட்டுகிற கோடிகளை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்ற யோசனைதான் வருகிறது.

மஸ்கெலியாக்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தோட்டத்து மைதானங்களில் ஆட்டம் பார்த்தவர்கள் பாதி ஆட்டத்தைக் காதால்தானே பார்த்திருக்கிறோம். ஒரு பக்கம் மலையை வெட்டிய மண்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு, உருண்டு போகிற பந்தை எடுத்துவரச் சரிவில் நாலு பொடியன்கள். அப்படியொரு மைதானத்தில் ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுப்போட்டி ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு மவுசாகலை நீர்த்தேக்கப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. மத்தியஸ்தரின் விசில் கேட்டது, மத்தியஸ்தரைக் காணவில்லை. ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று பார்த்தால், சவுக்கு மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்லும் அண்ணன் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"பந்து கோயில் பக்கம்... இன்னும் கோயில் பக்கந்தான்... இந்தா, ரோட்டுப் பக்கமா வெட்டிட்டான்... பெக்டரி கோலுக்கு முன்னுக்கு நம்ம பயலுக ஒருத்தனும் இல்லையேப்பா!"

அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கோல் கம்பத்துக்குப் பின்னாலும் ஒவ்வொரு பையனை நிறுத்தியிருந்தார். அவர்கள் கத்துவார்கள், அதை வாங்கி இவர் சொல்வார். கோயில், பெக்டரி, ரோட்டு, லயம் என்று நாலு பக்கம். அந்தத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு எந்த இதழும் எந்தப் படமும் தேவையில்லை. பக்கத்தைச் சொன்னால் போதும், மண்டைக்குள் மைதானம் விரிந்துவிடும். ஹைபரியில் லூயிஸ் செய்த வேலையை நம் ஊரில் அந்தப் பையன்கள் செய்தார்கள். ரேடியோ டைம்ஸை அவர்கள் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். மூட்டத்துக்குள் கோல் விழுந்தபோது எங்களுக்குக் கேட்டது பெக்டரிப் பக்கத்துப் பையனின் அலறல் மட்டும்தான். அதற்கே கூட்டம் எழுந்து ஆடியது.

வானொலி இலங்கைக்குப் பிந்தி வரவும் இல்லை. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கிவிட்டது, ஹைபரி ஆட்டத்துக்கு ஓராண்டுக்கும் முன்னால். அப்போது அந்தப் பெட்டி இருந்தது துரைமார் பங்களாவில். லயத்துக்கு அது வந்து சேர எத்தனையோ பருவமழை கடந்து போக வேண்டியிருந்தது.

இனிக் கொஞ்சம் வேகமாகப் போகலாம். வானொலி வளர்ந்ததும் கழகங்களுக்குப் பயம் பிடித்தது. வீட்டிலேயே கேட்க முடிந்தால் டிக்கட் எடுத்து யார் வருவார்? 1931இல் இங்கிலாந்து லீக் தன் ஆட்டங்களை வானொலியில் வர்ணிக்கவே கூடாது என்று தடுத்துவிட்டது. அதே நாட்டில் 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது, ஐந்து ஆண்டுத் தொலைக்காட்சி உரிமைக்கு மட்டும் 304 மில்லியன் பவுண் கைமாறியது. வீட்டிலிருப்பவனைக் கண்டு பயந்தவர்கள் அவனை நம்பியே பிழைக்கத் தொடங்கினார்கள்.

இந்தத் தொடரில் நான் விடாமல் சொல்லிவருவது இதைத்தான். நவீன உதைபந்தாட்டத்தின் பெரிய மாற்றங்கள் பல மைதானத்தில் இல்லாதவனுக்காகச் செய்யப்பட்டவை. 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்துப் பந்தை எடுங்கள். 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். கறுப்பு வெள்ளை டீவியில் பந்து கண்ணுக்குத் துலங்க வேண்டும் என்று செய்தது அது. டெல்ஸ்டார் என்ற அதன் பெயருக்குள்ளேயே தொலைக்காட்சி இருக்கிறது. இன்றைய உலகக் கிண்ணங்களில் அப்படிப் பந்து இல்லை. ஆனாலும் பந்து வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் வரைவது இன்னும் அதைத்தான்.

மறுபடி 1986இல் அதே மெக்சிக்கோ. ஐரோப்பாவில் மாலை நேரத்தில் காட்ட வேண்டுமென்று கொதிக்கிற நண்பகலில் ஆட வைத்தார்கள். ஆர்ஜென்டீனாவின் மரடோனாவும் வால்டானோவும் வாய்விட்டே எதிர்த்தார்கள், எடுபடவில்லை. இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையாலும் காலாலும் கோல் போட்ட ஜூன் 22ஆம் திகதி ஆட்டம் அங்கே பகல் 12 மணிக்குத் தொடங்கியது. நமக்கு அது இரவு 11.30. விடிந்தால் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர்களின் நேரத்தை அந்த அட்டவணையில் யாரும் கணக்கெடுக்கவில்லை.

எட்டுக் கட்டத்துக்கே திரும்பி வருகிறேன். கட்டாரில் 2022இல் ஓஃப்சைட் பிடிக்கக் கூரைக்குக் கீழே 12 கமராக்கள் கட்டினார்கள். அவை ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை செக்கனுக்கு 50 தடவை குறித்துக்கொண்டன. அன்று மைதானத்தைக் கட்டம் போட்டார்கள். இன்று மனித உடம்பையே கட்டம் போடுகிறார்கள். தொடக்க ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே எக்குவடோரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிய கோல் ஓஃப்சைட் என்று போய்விட்டது. வெறுங்கண்ணுக்கு அந்தத் தவறு தட்டுப்படவே இல்லை. அது சரியா, ஆட்டத்தின் உயிரை அது என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பந்தோடு சேர்த்துப் பேசுவோம். இந்த வாரம் இடமில்லை.

ஒன்றை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும். உலகத்து ஆட்டக்காரர்களின் முழங்காலும் தோளும் செக்கனுக்கு 50 தடவை பதிவாகிற காலத்தில், சாமிமலையிலும் நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் கோல் அடித்தவர்களின் பெயர்கூட எழுதப்படவில்லை. வெறுங்காலோடு ஈரப் புல்லில் ஓடி, அடுத்த நாள் மலைக்கு வேலைக்குப் போன ஆட்டக்காரர்கள் அவர்கள். இன்று நம் இளைஞர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்து இறுதி ஆட்டத்தை பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுகிறார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளையும் வெளிநாட்டில் இருக்கும் அக்காவும் அதில் தங்கள் மைதானத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் அடித்த கோல் என்று ஒரு வரி இருப்பதில்லை. நாளைக்கு அதைப் பார்ப்பவனும் பனிமூட்டத்துக்குள்தான் நிற்பான், சொல்லித்தர அந்த அண்ணனும் இருக்கமாட்டார்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துச் சுற்றுப்போட்டி நோட்டீஸ், அணிப்படம், வெற்றிக் கிண்ணத்தின் படம் எதுவானாலும் சரி, தோட்டம், டிவிசன், ஆண்டு, அணியின் பெயர், ஆடியவர்களின் பெயர் எல்லாம் பின்பக்கம் எழுதி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். கைபேசியில் எடுத்தவர்கள் அந்த ஒரு வரியை இன்றே சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு அவசரம் இருக்கிறது. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போனது 1969இல். வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலைப் போய்ப் பார்த்து வரலாம். அங்கே பந்து உதைத்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்களிடமே கேட்டால்தான் உண்டு. அப்போது இருபது வயது என்றாலும் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். வீட்டில் அப்படித் தாத்தா யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள்.