பருப்பைத் தள்ள வேண்டாம், பாட்டிலைத் தள்ளுங்கள்!

சனிக்கிழமை இரவு கல்யாண விருந்து. பிரியாணி, ஈரல் வறுவல். நண்பர்களோடு இரண்டு பாட்டில் பீர். வீட்டுக்கு வந்து படுத்தார். உடனே தூக்கம்.

நள்ளிரவு தாண்டியதும் அலறிக்கொண்டு எழுந்தார். வலது கால் கட்டை விரலில் நெருப்பு வைத்தது போல வலி! விரலின் அடி மூட்டு சிவந்து வீங்கி இருந்தது. போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. முள்ளும் குத்தவில்லை. பிறகு ஏன் இந்த வலி?

"கவுட்" என்ற நோய் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கீல்வாதத்தில் இது ஒரு வகை.

மறுநாள் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் டாக்டர் ஆகிவிடுவார்கள்.

"பருப்பை நிறுத்து!" என்பார் ஒருவர். "கீரை கூடாது" என்பார் இன்னொருவர். "காலுக்கு ஆட்டுக்கால் சூப்தான் நல்லது" என்பார் மற்றொருவர். அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு எதைச் சமைப்பது என்றே தெரியாது.

எதை விட வேண்டும்? எதை விட வேண்டாம்?

ஊசி போன்ற உப்பு

நம் உடலிலும் உணவிலும் "பியூரின்" என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதில் பெரும் பகுதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சரியாகத் தள்ளாவிட்டால், அது ரத்தத்தில் தேங்கும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக்கொண்டே இருங்கள். ஓர் அளவுக்கு மேல் கரையாது, அடியில் தங்கிவிடும். அதே கதைதான் இங்கும். 100 மில்லி ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 7 மில்லிகிராமைத் தாண்டினால், ஊசி போன்ற துகள்கள் மூட்டில் படியலாம். அந்த ஊசிகள் செய்யும் வேலைதான் இந்த வலி!

பேரரசரையும் விடவில்லை

ஸ்பெயின் நாட்டை ஆண்டவர் ஐந்தாம் சார்லஸ். பெரிய பேரரசர். கறியும் பீரும் என்றால் அவருக்கு உயிர். கவுட் அவரை ஆட்டிப்படைத்தது. 1556-ல் ஸ்பெயின் முடியைத் துறந்தார். 1558-ல் இறந்தார். அவருடைய விரலின் சிறு துண்டு ஒன்று பாதுகாக்கப்பட்டு வந்தது. அதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் யூரிக் அமிலத் துகள்கள் இருந்தன!

விட வேண்டியவை

முதலில் விட வேண்டியது மது. அதிலும் பீர் மிகவும் கெடுதல்.

அடுத்து ஈரல், மூளை, சுவரொட்டி ஆகியவை. நெத்திலி, மத்தி மீன்களிலும் பியூரின் அதிகம். ஆட்டுக்கறியைக் குறைக்க வேண்டும். கறி வேகும்போது பியூரினில் ஒரு பகுதி சாற்றில் இறங்கிவிடும். ஆகவே கால் சூப், எலும்பு சூப் உதவாது.

பாட்டிலில் வரும் இனிப்புக் குளிர்பானங்களும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். இது பலருக்குத் தெரியாது.

பருப்பு குற்றவாளி அல்ல

அமெரிக்காவில் 47 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்தார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. கறியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகமாக வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி வரவில்லை. பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாகவே வந்தது.

ஆகவே சாம்பாரை நிறுத்த வேண்டாம். கீரையையும் தள்ள வேண்டாம். முட்டை சாப்பிடலாம். ஆடை எடுத்த மோர் மிகவும் நல்லது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கக் கூடாது. பட்டினியே வலியைக் கிளப்பிவிடும். மெல்ல மெல்லத்தான் இளைக்க வேண்டும்.

இரண்டு சமையல் எதற்கு?

மற்றவர்கள் கறிக்குழம்பை வழித்துச் சாப்பிடும்போது, அவர் இலையில் மட்டும் ரசம் சாதமா? நாலு நாள் பொறுப்பார். ஐந்தாம் நாள் ஓட்டலுக்குப் போய்விடுவார்!

அவருக்கு ஆன சாப்பாட்டையே வீடு முழுவதும் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு வையுங்கள். பண்டிகை நாளில் கறி சமைத்தால், அவருக்கு இரண்டு மூன்று துண்டு போதும். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும்.

மாத்திரையை மறக்காதீர்கள்

பத்தியம் இருந்தும் வலி வரலாம். அதற்கு அவரைத் திட்ட வேண்டாம். யூரிக் அமிலத்தில் பெரும் பகுதி உடம்பிலேயே உண்டாகிறது. பரம்பரையும் ஒரு காரணம். பத்தியத்தால் ஓரளவுதான் குறையும்.

பலருக்கு மாத்திரையும் தேவைப்படும். "அலோபூரினால்" என்ற மருந்து 1966 முதல் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே வைக்க டாக்டர்கள் முயல்வார்கள். வலி போய்விட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. வலியைத் தணிக்கும் "கோல்சிசின்" என்ற மருந்து, நம் செங்காந்தள் செடியின் விதையிலும் இருக்கிறது. அதற்காகச் செடியைப் பிடுங்கி மருந்து செய்யக் கூடாது. அதன் கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து!

மூட்டு வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அது வேறு நோயாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த கல்யாணத்துக்கும் அவர் போகலாம். வயிறார உண்ணலாம். ஈரலையும் பீரையும் விட்டுவிட்டு, சாம்பாரும் மோரும் கேட்டு வாங்கட்டும். அன்று இரவு அவரும் தூங்குவார், வீடும் தூங்கும்.