பாட்டன் விட்டுப்போன தண்ணீரை யாருக்கு விற்கலாம்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விற்கலாம். தலைமுறை தலைமுறையாக வயலுக்குப் பாய்ந்த ஆற்றுநீரின் மீதான பாத்தியதை அங்கே தனிச் சொத்து. மாநில நீர்ப் பொறியாளரின் அனுமதி கிடைத்தால், அதை நிலத்திலிருந்து பிரித்து ஒரு நகரத்துக்கோ மனை போடும் நிறுவனத்துக்கோ கிரயம் செய்துவிடலாம். வயல் பேரன் பெயரிலேயே இருக்கும். மடை மட்டும் திறக்காது.

இந்தப் பழைய உரிமைகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் நீரெடுத்தவருக்கே முன்னுரிமை என்பதுதான் சட்டம். ஆறு பெருகிவரும் ஆண்டில் எல்லாருக்கும் கிடைக்கும். வறட்சி வந்தால், கடைசியாக உரிமை பெற்றவரின் மடையை முதலில் அடைப்பார்கள். பிறகு அவருக்கு முந்தையவருடையதை. 1850-இல் வெட்டிய வாய்க்காலுக்குப் பிறகுதான் 1950-இல் வந்தவரின் முறை. பழைய உரிமையை வாங்குகிறவர் தண்ணீரோடு அந்தத் தேதியையும் சேர்த்து வாங்குகிறார். வளரும் நகரங்கள் பணத்தோடு தேடிவருவது அதற்காகத்தான்.

நியூ மெக்சிகோவில் பூர்வகுடி ப்யூப்ளோ மக்களின் உரிமைகளே மிகப் பழையவை. அடுத்த வரிசையில் நிற்பவை ‘அசேகியா’ எனப்படும் ஊர் வாய்க்கால்கள். ஸ்பானிய ஆட்சிக் காலத்திலிருந்து வெட்டப்பட்டுவந்த இவை இன்றும் சுமார் 700 உள்ளன. நிர்வாகத்துக்கு மூன்று கமிஷனர்கள். தண்ணீர் விட ‘மயோர்தோமோ’ என்றொருவர். நம் நீர்க்கட்டி செய்கிற வேலைதான் அவருக்கும்: யாருக்கு இன்று முறை, எவ்வளவு நேரம், யார் மடையை அடைக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்பவர் அவர். வசந்தத்தில், தண்ணீர் விடுமுன், ஒவ்வொரு பங்குக்கும் மண்வெட்டியோடு ஆள் வரவேண்டும். வராதவர் கூலி கட்ட வேண்டும். குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இப்படியொரு வாய்க்காலில் பத்துப் பேரில் மூவர் தங்கள் பங்கை வெளியே விற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். காகிதத்தில் மற்ற எழுவரின் பங்கில் ஒரு சொட்டும் குறையாது. மண் வாய்க்கால் காகிதம் அல்ல. கரையும் தரையும் குடித்தது போகத்தான் மிச்சம் நகரும். நீர் ஓரளவு உயர்ந்து ஓடினால்தான் மேட்டு வயலின் மடைக்குள் ஏறும். ஓட்டம் தாழ்ந்தால் முதலில் காய்வது கடைமடை. தூர்வார வேண்டிய நீளமோ அதேதான். மண்வெட்டி பிடிக்கும் கைகள் குறைந்துவிட்டன. நான்காமவரும் விற்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதைப் பக்கத்து மாநிலமான கொலராடோவின் க்ரௌலி கவுன்ட்டி காட்டிவிட்டது. ஒரு காலத்தில் 50,000 ஏக்கருக்கு மேல் பாசனம் நடந்த இடம். சர்க்கரை பீட் விளைந்து, ‘சுகர் சிட்டி’ என்றே ஓர் ஊருக்குப் பெயர். 1970-களிலும் 80-களிலும் கால்வாய்ப் பங்குகளை நகரங்கள் வாங்கிக்கொண்டன. கொலராடோ ஸ்பிரிங்ஸும் அரோராவும் வளர்ந்தன. இங்கே மிஞ்சியது சில ஆயிரம் ஏக்கர் பாசனம், களை மண்டிய தரிசு, புழுதிக் காற்று. விற்காதவர்களின் மளிகைக் கடையும் பள்ளிக்கூடமும் அந்தக் கிரயத்தில் சேர்ந்தே போயின. அவர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் நியூ மெக்சிகோ ஊர்க்காரர்களின் போராட்டம். வடக்கே என்செனாடாவில் ஒரு வாய்க்காலின் தண்ணீரைச் சுற்றுலா விடுதித் திட்டத்துக்கு மாற்ற முயன்றபோது, 1985-இல் நீதிபதி ஆர்ட் என்சினியாஸ் தடுத்தார். ஒரு மக்களின் வாழ்முறையைப் பணத்துக்காகக் குலைக்க முடியாது என்பது அவர் நிலை. 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. விண்ணப்பம் வந்த காலத்துச் சட்டத்தில் அப்படி மறுக்க இடமில்லை என்றது.

இடம் கொடுத்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். அசேகியா தன் துணைவிதிகளில் எழுதிவைத்துக்கொண்டால், எந்த உரிமை மாற்றத்துக்கும் கமிஷனர்களின் ஒப்புதல் வேண்டும். வாய்க்காலுக்கோ பங்காளர்களுக்கோ கேடு வரும் என்றால் அவர்கள் மறுக்கலாம். வேண்டாதவரைப் பழிவாங்க இதைப் பயன்படுத்த முடியாது. தான்தோன்றித்தனமான முடிவை நீதிமன்றம் ரத்துசெய்யும்.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஏற்பாடு ‘நீர் வங்கி’. இந்த மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நீரைப் பயன்படுத்தாமல், அரசு எச்சரித்த பிறகும் ஓராண்டு சும்மா விட்டால், உரிமை பறிபோகும். ஆல்புகெர்கியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பூர்விகப் பங்கை அவசரமாக விற்க இந்தப் பயமும் ஒரு காரணம். இப்போது அதை அசேகியாவின் வங்கியில் போட்டுவைக்கலாம். பக்கத்து வயல்காரர் பாய்ச்சிக்கொள்வார். உரிமை குடும்பத்திடமே இருக்கும்.

விற்கவே கூடாது என்ற தடையைவிட இந்த இரண்டு ஏற்பாடுகளும் நல்ல வழி என்றே நினைக்கிறேன். மருத்துவச் செலவுக்கு நிற்பவரிடம் பாரம்பரியம் பேசிப் பயனில்லை. அதே வாய்க்காலில் ஒருவர் வாங்கிக்கொள்ளவாவது வழி இருக்க வேண்டும். ஆனால் கமிஷனர்களின் ஒப்புதல் அதிகாரத்தைத் துணைவிதியில் எழுதிக்கொள்ளாத அசேகியாவுக்குச் சட்டம் இருந்தும் பாதுகாப்பில்லை. வாங்குபவர் பணத்தோடு வருவதற்கு முன்பே பங்காளர் கூட்டம் கூடி அந்த விதியை நிறைவேற்றியிருக்க வேண்டும்.