பொற்காசு காட்டும் மணவுறவு

கடாரம் என்றதும் கெடாவில் வாழும் தமிழர்க்கு முதலாம் இராசேந்திரன் நினைவு வரும். கி.பி. 1025-இல் அவன் கடற்படை கடாரத்தை வென்றதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் போரைப் போலவே மணவுறவும் சோழர் வரலாற்றை மாற்றியது. அதற்குச் சான்றாவது வேங்கி நாட்டுப் பொற்காசு.

கோதாவரிக்கும் கிருட்டிணைக்கும் இடைப்பட்ட வேங்கியைக் கீழைச் சாளுக்கியர் ஆண்டனர். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை அந்நாட்டு விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். (தமக்கை குந்தவை வேறு, மகள் குந்தவை வேறு.) இவர்தம் மகன் இராசராச நரேந்திரன் கி.பி. 1022-இல் முடிசூடினான். அவன் மணந்த அம்மங்கைதேவி இராசேந்திரன் மகள். அதாவது அவனுக்குத் தாய்மாமன் மகள்.

நரேந்திரன் வெளியிட்ட காசு அகன்ற மெல்லிய பொற்றகடு. ஒரு பக்கத்தில் மட்டுமே முத்திரை உண்டு. நடுவில் பன்றி, மேலே குடை, சுற்றிலும் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்னும் பெயரும் ஆட்சியாண்டும் எழுத்தெழுத்தாகத் தனி அச்சுகளால் பொறிக்கப்பட்டுள்ளன. சோழர் காசுக்குரிய புலியும் கயலும் வில்லும் இங்கில்லை. பன்றி தந்தையின் குலச்சின்னம். பெயரோ தாயைப் பெற்ற பாட்டனுடையது. ஒரே காசில் இரு குலங்களும் இணைந்து நிற்கின்றன.

இங்கிலாந்தில் இவ்வுறவு வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டது. எட்டாம் என்றி கி.பி. 1526-இல் வெளியிட்ட ரோசாப்பூப் பொற்காசில் அவன் பெயரின் முதலெழுத்தோடு அரசி காதரீனின் முதலெழுத்தும் இருந்தது. பின்னர் ஆன், சேன் என அரசியர் மாற, காசின் எழுத்தும் மாறியது.

வேங்கிக் காசில் குந்தவையின் பெயரும் இல்லை. அம்மங்கையின் பெயரும் இல்லை. ஆயினும் விளைவு பெரிது. கி.பி. 1070-இல் அதிராசேந்திரன் மறைந்தபின், அம்மங்கையின் மகன் சோழ அரியணை ஏறினான். முதலாம் குலோத்துங்கன் அவனே. கடார மன்னனின் தூதர் வேண்ட, நாகப்பட்டினத்துப் புத்த விகாரங்களுக்குரிய ஊர்களுக்கு வரிநீக்கிக் கி.பி. 1090-இல் செப்பேடு அளித்தவனும் அவனே.

பாட்டன் படையெடுத்த கடாரத்தோடு பெண்வழிப் பேரன் நட்புக் கொண்டான். அப்பேரனை அரியணைக்கு உரியவனாக்கியவர், காசில் பெயர் பெறாத அப்பெண்டிர் இருவருமே.